நாளைக்கு ஆன்லைன் கிளாஸ் உண்டா, டீச்சர்?

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. ராத்திரி ஏழு, ஏழரை மணிக்கு அறிவிப்பு வரும்: கனமழை, கூடலூர், பந்தலூர் வட்டங்களில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை. அடுத்த நிமிடமே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "நாளைக்கு ஆன்லைன் கிளாஸ் உண்டா, டீச்சர்?"

கேட்பவர் மனதில் ஆளுக்கு ஒன்று இருக்கும். ஓர் அம்மாவுக்கு, ஃபோன் திரையில் டீச்சர் முகம் தெரிந்தால்தான் அது கிளாஸ். இன்னொருவருக்கு யூடியூபில் ஓடும் வாய்ப்பாட்டுப் பாட்டு. "ஏதாச்சும் ஒர்க் அனுப்பிவிடுங்க, பையன் வீட்ல சும்மா இருப்பான்" என்பார் ஓர் அப்பா. மூன்றையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். அதனால்தான், "ஆன்லைன்ல ஒண்ணும் மண்டையில ஏறாது" என்று ஒருவரும், "எல்லாம் ஃபோன்லயே இருக்கு, ஸ்கூல் எதுக்கு" என்று இன்னொருவரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து சத்தியம் செய்ய முடிகிறது. இரண்டு பேரும் வேறு வேறு சமாச்சாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியாது.

நான் வேலை பார்ப்பது ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு: எச்.எம். சாரும் நானும். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பில் என்னிடம் 'அ' எழுதப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். இடைப்பட்ட 19 மாதங்களில் நாங்கள் செய்த தவறுகளிலிருந்து புரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்காக எழுதவில்லை; ஃபோனில் 'டவர்' இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பெயர் ஒன்று, ஆள் மூன்று

மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். "அன்னதானம் ஆரம்பிச்சாச்சு" என்று ஒருவர் சொன்னால் தோட்டத் தொழிலாளர் லைன் வீடு முழுக்கக் கேட்கும். யார் கேட்டார்கள், யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் மைக் பிடித்தவருக்குத் தெரியாது. இதுதான் ஒளிபரப்பு: ஒரு பக்கமிருந்து எல்லாருக்கும் போவது, திரும்பி எதுவும் வராதது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இந்த வகை. தொற்றுக் காலத்தில் வகுப்புவாரியாக நேரம் ஒதுக்கிப் பாடங்கள் அதில் வந்தன. பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் வீடியோவும் இதே இனம்தான். நல்ல பாடம், ஆனால் மைக் பிடித்தவர் நிலைதான் அதற்கும்.

இரண்டாவது, ஃபோன் பேச்சு. நான் பேசும்போது நீங்களும் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். "ஹலோ, கேக்குதா?" என்றால் உடனே பதில் வர வேண்டும். இது நேரலை வகுப்பு. ஒரே நேரத்தில் இருவரும் இருப்பது, நடுவில் வழி அறுந்துபோகாமல் இருப்பது, இந்த இரண்டும் கூடினால்தான் நேரலை.

மூன்றாவதை மலையில் இருப்பவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. கூடலூரிலிருந்து மருந்து வர வேண்டும் என்றால் கடைக்காரர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். நாம் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்வோம். காலி பாட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் சாயங்கால பஸ். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் போனதும் வந்ததும் கணக்கில் இருக்கும். 'ஒத்திசையாக் கற்றல்' என்று புத்தகத் தமிழில் சொல்வதை நான் கொடுத்தனுப்பும் பாடம் என்றே சொல்லப்போகிறேன். குரல் செய்தி, பயிற்சித் தாள், பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்து அனுப்புவது, அதற்கு ஆசிரியர் சொல்லும் பதில், எல்லாம் இதில் சேர்த்தி.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒளிபரப்பில் பாடம் போகும், திரும்பி எதுவும் வராது. நேரலையில் உடனுக்குடன் இருபுறமும் ஓடும். கொடுத்தனுப்பும் பாடத்தில் இருபுறமும் ஓடும், ஆனால் தாமதமாக. அந்தத் 'திரும்பி வருவது' எதற்கு என்பதுதான் அடுத்தது. என் கணக்கில் முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

கூடைக்குள் எட்டிப் பார்ப்பது

புதிதாக எஸ்டேட்டில் பேர் பதிந்த ஒரு பெண்ணுக்கு இலை பறிக்க யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? "இரண்டு இலை, ஒரு கொழுந்து" என்று முதல் நாளே எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அந்த வாக்கியம் போதுமென்றால் அன்றைக்கே அவர் தேர்ந்த கையாகியிருக்க வேண்டும். அப்படி ஆவதில்லை. மேஸ்திரி வந்து கூடைக்குள் எட்டிப் பார்க்கிறார். ஒரு பிடி அள்ளி, முற்றின இலையைப் பொறுக்கி எறிந்து, "இத ஏம்மா எடுத்த?" என்கிறார். சாயங்காலம் எடை போடுமிடத்தில் இன்னொரு தடவை. பத்து நாளில் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. கற்றுக்கொடுத்தது அந்த வாக்கியமா, கூடைக்குள் எட்டிப் பார்த்ததா?

செய்ததைப் பார்த்து, எங்கே பிசகியது என்று செய்தவரிடம் திருப்பிச் சொல்வதற்குப் பெயர் பின்னூட்டம். வகுப்பறையில் இது நாள் முழுக்க நடக்கிறது, அதனாலேயே கண்ணில் படுவதில்லை. பெஞ்சுக்கு நடுவே நடக்கும்போது ஒரு சிலேட்டைத் தட்டுவேன், ஒரு பென்சிலைத் திருப்பிப் பிடிக்க வைப்பேன். பள்ளியைப் பூட்டியபோது பூட்டப்பட்டது இந்த நடைதான். பாடத்தை அனுப்ப நூறு வழி கிடைத்தது. நடையை அனுப்ப வழி இல்லை.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 52இலிருந்து 17ஐக் கழித்து 45 என்று எழுதிய நோட்டுப் பக்கம் படமாக வந்தது. நான் சிவப்பு வட்டம் போட்டு, 35 என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அவள் அழித்துவிட்டு 35 எழுதி மறுபடி படம் அனுப்பினாள். நானும் கட்டைவிரல் பொம்மை போட்டேன். எங்கள் இருவருக்கும் திருப்தி. மறுநாள் 83இலிருந்து 29ஐக் கழித்து 66.

அப்போதுதான் உறைத்தது. விடையைத் திருத்தினேனே தவிர, அவள் போன வழியை நான் பார்க்கவே இல்லை. "எப்படிச் செஞ்சேன்னு வாயால சொல்லி அனுப்பு கண்ணு" என்று குரல் செய்தி போட்டேன். சாயங்காலம் பதில் வந்தது. பின்னணியில் தகரக் கூரையில் மழைச் சத்தம். "மூணுல ஒம்போது போகாது டீச்சர். அதனால ஒம்போதுல மூணு, ஆறு. எட்டுல ரெண்டு, ஆறு."

எவ்வளவு ஒழுங்கான தவறு! மேலேயோ கீழேயோ, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது என்று தனக்கே ஒரு விதி வகுத்துக்கொண்டு, பிசகாமல் செய்திருக்கிறாள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்யும் தவறுதான் இது. தேயிலைக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி எட்டுக் கட்டு, உதிரி மூன்று என்று எடுத்து வைக்கச் சொன்னேன். ஒன்பது குச்சி எடுக்க உதிரி போதவில்லை, இப்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். அரை மணி கழித்துப் பத்து விநாடிப் பதில்: "ஒரு கட்ட அவுத்துட்டேன் டீச்சர்." கடன் வாங்கிக் கழித்தல் என்பதன் மொத்தப் பாடமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் 54 தானாக வந்தது.

படம் முடிவைக் காட்டும், போன வழியைக் காட்டாது. எழுத்துக்கும் இதே கதைதான். ஒரு பையனின் 'அ' படத்தில் அச்சுப்போல இருந்தது. அவன் அக்கா எடுத்தனுப்பிய பத்து விநாடி வீடியோவில் பார்த்தால், வாலிலிருந்து ஆரம்பித்து மேலே போய்க்கொண்டிருந்தான். எழுத்து சரி, கை தப்பு. இந்தக் கை வேகமாக எழுத வேண்டிய காலம் வரும்போதுதான் அது தெரியும்.

இந்தப் பகுதியின் சாரம்: பாடம் போவது பாதி வழி. பிள்ளை செய்தது திரும்பி வந்து, அதற்குப் பதில் போனால்தான் ஒரு சுற்று முடிகிறது. சுற்று முடியாத எதையும் வகுப்பு என்று கணக்கெழுத முடியாது.

வெயில் விழாத வீடு

இனி இயந்திரப் பக்கம். நீலகிரியில் யாரைக் கேட்டாலும் "இங்க டவர் இல்ல" என்பார்கள். டவர் பல இடங்களில் கண்ணுக்கே தெரிகிறது. பின் ஏன் கிடைப்பதில்லை?

எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் காலை பத்து மணி வரை வெயில் விழாது. சூரியன் உதிக்காமல் இல்லை. நடுவில் மலை நிற்கிறது. ஃபோன் அலையும் ஒளியின் உறவுதான். பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், சுவரை ஓரளவு ஊடுருவும், முனையில் கொஞ்சம் வளையும். ஆனால் ஒரு முழு மலையைத் தாண்டி மடிப்புக்குள் இறங்காது. அந்த இடத்துக்கு நிழல் பகுதி என்று பெயர். சமவெளியில் ஒரு டவர் பல கிலோமீட்டருக்குப் போதும். இங்கே டவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லைன் வீடு நிழலில் இருக்கும், அடுத்த மலையில் எங்கோ இருக்கும் பாறையில் நாலு கோடு முழுசாக எரியும். எல்லையோரம் என்றால் வயநாட்டு டவர் வந்து நம் ஃபோனில் ஒட்டிக்கொண்டு மலையாளத்தில் வரவேற்பு சொல்லும்.

இன்னொரு நம்பிக்கை: "பனி மூடிடுச்சு, அதான் டவர் இல்ல." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வாதாடத் தோன்றும். ஃபோன் அலை ஒன்றின் நீளம் ஒரு சாணுக்கு முன்பின் இருக்கும். மூடுபனியின் நீர்த்துளி தலைமுடித் தடிமனைவிடச் சிறியது. அவ்வளவு பெரிய அலை அவ்வளவு சின்னத் துளியைச் சட்டையே செய்யாது. நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், கூரையில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவிலிருந்து. அதற்கு வரும் அலை ஓர் அங்குல நீளம்தான். பெருமழையின் தடித்த துளிகள் அதை உறிஞ்சிவிடும், படம் கட்டம் கட்டமாக உடையும். டிவிக்கு உண்மையானது ஃபோனுக்கும் உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

அப்படியானால் மழையில் ஃபோனும்தானே செத்துப்போகிறது? ஆமாம், வேறு காரணங்களால். மரம் விழுந்து மின்சாரம் போகும். டவரின் பேட்டரி தீரும். டீசல் கொண்டுபோகும் வண்டி மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நிற்கும். டவருக்கும் வெளி உலகத்துக்கும் இடையே கண்ணாடியிழைக் கேபிளோ, டவருக்கு டவர் பாயும் நுண்ணலையோ இருக்க வேண்டும். சாலை சரிந்தால் கேபிளும் சேர்ந்து அறும். நுண்ணலையோ டிஷ் அலையைப்போலவே குட்டையானது, பெருமழை அதை நனைத்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி நாளில் ஃபோனில் கோடு எரிந்துகொண்டே இருக்கலாம், உள்ளே எதுவும் ஓடாது. கோடு காட்டுவது உங்கள் ஃபோனுக்கும் டவருக்கும் உள்ள உறவை மட்டும். டவருக்கு அப்பால் சாலை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இப்போது என்னை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்திய ஒன்று. டவர் ஓர் ஆன்டெனாவில் 20, 40 வாட் அளவுக்கு முழங்குகிறது. உங்கள் கையில் இருக்கும் 4ஜி ஃபோன் திருப்பிப் பேசுவது அதிகபட்சம் 0.2 வாட். டவரின் காது கூர்மையானது, அதனால் இந்த முணுமுணுப்பும் அதற்குக் கேட்கிறது. ஆனால் நிழல் பகுதியின் விளிம்புக்கு வந்தால் முதலில் அறுவது இந்தத் திரும்பும் வழிதான். அதனால்தான் நேரலை வகுப்பில் பிள்ளைக்கு என் முகம் தெரியும், என் குரல் கேட்கும்; எனக்கு மட்டும் அவன் படம் உறைந்து, குரல் குதறிப்போய் வரும். "டீச்சர், நான் சொன்னேன் டீச்சர்" என்று பிறகு அழுவான். சொல்லியிருப்பான். பாடத்தில் எந்த வழி முக்கியம் என்று மேலே சொன்னேனோ, அந்த வழிதான் கம்பியில்லா உலகத்திலும் இளைத்த வழி.

ஒன்றரை ஜிபியில் எத்தனை பிள்ளை?

சிக்னல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, வழியின் அகலம். கல்லாறு, குன்னூர் மலைப்பாதையில் சீசன் நேரத்து நெரிசல் தெரியுமல்லவா? சாலை இருக்கிறது, நல்ல சாலைதான், ஆனால் ஒரு நேரத்தில் இவ்வளவு வண்டிதான் போகும். ஒரு நொடியில் எவ்வளவு தகவல் போக முடியும் என்ற அளவுக்கு அலைவரிசை அகலம் என்று பெயர். ஒரு டவரின் அகலத்தை அதில் ஒட்டியிருக்கும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். காலை பத்து மணிக்கு எல்லாப் பள்ளியும் நேரலை வகுப்பு வைத்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். ஓரளவு தெளிவான வீடியோவுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் வேண்டும் என்று கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. 2020 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' என்ற ஆன்லைன் வகுப்பு வழிகாட்டுதல்படி, 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு நாளுக்கு 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டுக்கு மேல் கூடாது. அந்த வரம்புக்குள் நின்றால்கூட, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று மணி நேரம், அதாவது 1,350 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருக்கும் அப்பாவுக்கு மிஞ்சுவது 150 எம்பி. அதுவும் வீட்டில் இரண்டு ஃபோன் இருந்தால், இருவருக்கும் வகுப்பு ஒரே நேரத்தில் வராமல் இருந்தால். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் ஒரு ஃபோன். அது காலை ஏழரைக்கு அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

ஒரு நிமிடக் குரல் செய்தியோ 150 கேபிக்குள் அடங்கிவிடும். ஒரு மணி நேர வீடியோ தின்னும் டேட்டாவில் மூவாயிரம் குரல் செய்தி அனுப்பலாம். இதைக் கணக்குப் போட்ட அன்று எச்.எம். சார் சொன்னார்: "நம்ம ஸ்கூலுக்கு மூவாயிரம் வேண்டாம்மா, நாளுக்கு முப்பது போதும்."

சுருக்கமாக: கோடு எரிவது வேறு, வழி இருப்பது வேறு, வழி அகலமாக இருப்பது வேறு. மூன்றும் கூடிய நேரத்தில் வீட்டில் ஃபோனும் இருந்தால்தான் நேரலை. மலையில் நேரலையை நம்பி ஒரு தொடக்கப்பள்ளியை நடத்துவது கடினம்.

சின்னப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

"காலேஜ் பசங்க எல்லாம் ஆன்லைன்ல டிகிரியே வாங்கறாங்க, இவங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கல்லூரிப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும். தொடக்கப்பள்ளியில் கற்றுக்கொள்ள வருவதே வாசிப்பை. வாசிக்கத் தெரியாதவருக்கு எழுத்தில் அனுப்பும் எந்தப் பாடமும், பூட்டிய பெட்டிக்குள் வைத்த சாவிதான்.

அப்படியானால் நடுவே ஒரு பெரியவர் வேண்டும். பிரக்யதாவும் மழலையர் வகுப்புக்கு ஒதுக்கிய 30 நிமிடத்தைப் பெற்றோரோடு பேசுவதற்கு என்றே வைத்தது. எங்கள் பள்ளியில் அந்தப் பெரியவர் யார்? அம்மா ஐந்து மணி வரை தோட்டத்தில். 1964 சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரன் பேத்திகள் பலர். அந்த வீடுகளில் பாட்டிமார் கதை சொல்வதில் கெட்டிக்காரர்கள், எழுத்துதான் வராது. சில பிள்ளைகள் வீட்டில் பேசுவது பணியர் பழங்குடியினரின் மொழி, சிலர் மலையாளம். மலையின் அந்தப் பக்கம் போனால் படுகர்கள் பேசும் படுக மொழி. "வட்டம் போடுக" என்ற பாடநூல் தமிழை வகுப்பில் நான் கையால் வட்டம் போட்டுக் காட்டிப் புரியவைப்பேன். தாளில் என் கை இல்லை.

இதற்கு ஒரு வழி கண்டோம்: பாட்டியிடம் எழுத்தைக் கேட்காதே, எண்ணிக்கையைக் கேள். "பாட்டி, அவன் சத்தமா இருபது சொல் வாசிச்சானா? எங்கே நின்னான்?" என்று. எழுதத் தெரியாதவருக்கும் பேரன் திக்குவது தெரியும். ஒரு பாட்டி வாரக் கடைசியில் ஃபோனில் சொன்னார்: "கால் போட்ட எழுத்து வந்தா நின்னுடறான் டீச்சரம்மா." ஒரு தேர்வுத் தாள்கூட இவ்வளவு துல்லியமாக எனக்குச் சொல்லியதில்லை.

நாங்கள் தடுமாறி வந்து சேர்ந்த ஏற்பாடு

முதல் மூன்று மாதம் நாங்களும் நேரலைக்குத்தான் ஆசைப்பட்டோம். ஐந்தாம் வகுப்பில் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் சிக்னலுக்காக ஊருக்கு மேலே ஒரு பாறைக்கு ஏறுகிறான் என்று தெரிந்த அன்றே நிறுத்திவிட்டோம். அது ஆனை நடமாடும் வழி. பின்னத்தைக் கற்க ஒரு குழந்தை அங்கே தனியாக உட்காரக் கூடாது.

பிறகு வந்ததுதான் கொடுத்தனுப்பும் முறை. திங்கட்கிழமை ஒரு வாரத்துக்கான பயிற்சித் தாள்கள், பெயர் எழுதிய உறையில், எஸ்டேட் கடையில் இருக்கும். அரிசி வாங்க வருபவர்கள் எடுத்துப்போவார்கள், போன வாரத்து உறையை அங்கேயே வைத்துவிடுவார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பிறகு, ஃபோன் வீடு திரும்பியதும், ஒரு குரல் செய்தி. பிள்ளை செய்ததைப் படமாகவோ குரலாகவோ எப்போது முடிகிறதோ அப்போது அனுப்பலாம். அப்பா மறுநாள் காலை ஜங்ஷனைத் தாண்டும்போது அது தானாக ஏறிவிடும். ஃபோனே இல்லாத பிள்ளைகளுக்கு உறை மட்டும். அவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், ஊரடங்கு இறுகிய வாரங்களில் போகவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்தார்கள்.

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. பிள்ளையின் தவறு ஈர சிமெண்ட் மாதிரி. அன்றே பதில் போனால் விரலால் திருத்தலாம். ஒரு வாரம் கழித்துப் போனால் உடைக்க வேண்டும். எனவே முப்பது பக்கத்துக்கு 'வெரி குட்' போடுவதை விட்டுவிட்டு, நாளுக்கு ஐந்தாறு பேருக்கு மட்டும், ஆனால் அன்றைக்கே, அவரவர் தவறுக்கான பதிலை அனுப்பத் தொடங்கினேன். 'என் பொண்ணுக்கு ஏன் டீச்சர் ஒண்ணும் போடல' என்று கோபித்தவர்கள் உண்டு. நீல டிக்கை வருகைப் பதிவேடாக நினைத்துப் பழகிவிட்டோம், என்ன செய்வது! டிக் விழுந்தால் செய்தி ஃபோனில் திறந்தது என்று பொருள். திறந்தது மாமாவாகவும் இருக்கலாம்.

2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' எனக்குப் பிடித்தது இந்தக் காரணத்துக்காகத்தான். மாலையில், குடியிருப்புக்குள்ளேயே, ஒரு தன்னார்வலர் சில பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அறுந்துபோன திரும்பும் வழியைக் காலால் நடந்து சரிசெய்த ஏற்பாடு அது. அடுத்த ஆண்டு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மூன்றாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல், வந்திருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. தேயிலைக்காட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது தொற்று இல்லை, மழை இருக்கிறது. விடுமுறை அறிவிப்பு வந்த ராத்திரி கேள்வியும் வருகிறது. முன்பெல்லாம் "உண்டு" என்றோ "இல்லை" என்றோ பதில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பக்கத்தின் படம், நாற்பது விநாடிக் குரல் செய்தி, அதன் கீழே ஒரு கேள்வி அனுப்புகிறேன்: "நாளைக்குச் சாயங்காலம் ஃபோன் யார்கிட்ட இருக்கும்?"

ஒவ்வொன்றாகப் பதில் வரும். "ஆறரைக்கு நான் வந்துடுவேன் டீச்சர்." "அவங்க சித்தப்பாகிட்ட." "எங்க வீட்ல சார்ஜ் இல்ல டீச்சர், கரண்டு வந்தா சொல்றேன்." அந்தக் கடைசி வீட்டுக்கு மறுநாள் உறை போகும்.